ஈகிளுக்குப் பிறகு: ஃப்யூஷனா, கிகேட்டா?

சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் ஈகிள் மென்பொருளின் விற்பனையும் ஆதரவும் 2026 ஜூன் 7-ஓடு சரி என்று ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்துவிட்டது. ஈகிளில் போர்டு போட்டுப் பழகிய கைக்கு எதிரே இருப்பவை முக்கியமாக இரண்டு: அதே நிறுவனத்தின் ஃப்யூஷன், கட்டற்ற மென்பொருளான கிகேட். நம் ஓட்டு கிகேட்டுக்கு.

ஃப்யூஷனுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். ஈகிள் கோப்பு அதில் சேதாரமில்லாமல் திறக்கும். வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்த யுஎல்பி ஸ்கிரிப்டுகள் (ஈகிளுக்குள் ஓடும் சிறு நிரல்கள்) வீணாகாது. போர்டையும் அதன் பெட்டியையும் ஒரே இடத்தில் வரைபவர்களுக்கு அதை விட்டு வர மனம் வராது. ஆனால் இலவசப் பதிப்பில் 2 ஸ்கீமேட்டிக் (மின்சுற்று வரைபடம்) தாள், 2 சிக்னல் லேயர் (இணைப்புகள் ஓடும் காப்பர் அடுக்கு), 80 சதுர செ.மீ. பரப்பு, அதுவும் வணிகம் அல்லாத வேலைக்கு. கிகேட்டில் 32 காப்பர் லேயர் வரை போகலாம். விற்கும் பொருளுக்கும் தடையில்லை.

விலையைக்கூட விட்டுவிடலாம். தராசைச் சாய்ப்பது பழைய போர்டை மறுபடி திறக்கும் நாள். போர்டு களத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருஷத்தில் அதிலுள்ள ரெகுலேட்டர் ஐசி உற்பத்தி நின்றுபோகும். ஒரே ஒரு ஃபுட்பிரிண்டை (போர்டில் பாகம் உட்காரும் தடம்) மாற்றிப் புது கெர்பர் (தொழிற்சாலைக்கு அனுப்பும் கோப்பு) எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு ஃப்யூஷன் சந்தா உயிரோடு இருக்க வேண்டும், இலவசக் கணக்கென்றால் போர்டு அந்த 80 சதுர செ.மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது சின்ன வேலைக்குப் பெரிய நிபந்தனை. கிகேட்டில் லாகினே கிடையாது. கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. மாற்றங்களைப் பதிவு வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் போட்டு வைத்தால் எந்தத் தேதியில் எந்த டிராக் (காப்பர் கோடு) நகர்ந்தது என்று பார்க்கலாம். 6-ஆம் பதிப்பிலிருந்து பாகங்களின் சிம்பல்களும் ஸ்கீமேட்டிக்குக்குள்ளேயே பதிகின்றன. லைப்ரரி தொலைந்தாலும் படம் திறக்கும். (இந்த விஷயத்தில் ஈகிளும் சளைத்ததல்ல.) ஒரு வில்லங்கம் உண்டு: புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பில் இருங்கள்.

மாற்றும் வேலை இப்படி. கிகேட் படிப்பது ஈகிள் 6 முதல் வந்த எக்ஸ்எம்எல் கோப்பை மட்டுமே. அதற்கு முந்தியது என்றால் புதிய ஈகிளில் திறந்து ஒருமுறை சேமியுங்கள். இதற்காகவே ஈகிளைக் கணினியிலிருந்து அவசரப்பட்டு நீக்க வேண்டாம். ஸ்கீமேட்டிக்கும் போர்டும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். இறக்குமதியின்போது லேயர் பொருத்தும் ஜன்னல் வரும். சொந்தமாக எண் கொடுத்து உருவாக்கிய லேயர்கள் எங்கே போய் உட்காருகின்றன என்று பார்க்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

போர்டு வந்ததும் ‘பி’ விசையை அழுத்திக் காப்பர் பரப்புகளை நிரப்புங்கள். பின்னால் கையால் திருத்தும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: ஈகிளில் ரேங்க் (நிரப்பும் வரிசை எண்) 1 முதலில் நிரம்பும், கிகேட்டில் பெரிய எண்தான் முதலில். தலைகீழாகப் போட்டால் உள்ளே இருக்கும் சின்னப் பரப்பைப் பெரிய கிரவுண்ட் பரப்பு விழுங்கிவிடும். அடுத்தது பாகப் பெயர் (ஆர்1, சி2 போன்றவை). கிகேட்டில் அது எண்ணில் முடிய வேண்டும். ஈகிளில் அந்தக் கட்டாயம் இல்லை. பாகப்பட்டியலைப் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

அதிகம் இடறுவது எஃப்8. ஈகிளில் ஸ்கீமேட்டிக், போர்டு இரண்டு ஜன்னலும் திறந்திருந்தால் மாற்றம் தானாகப் போகும். ஒன்றை மூடிவிட்டு வேலை செய்தால் தொடர்பு அறுந்து வம்பாகும். கிகேட்டில் நாமாக எஃப்8 அழுத்தி ஸ்கீமேட்டிக்கைப் போர்டுக்கு அனுப்ப வேண்டும். இறக்குமதிக்குப் பின் முதல் தடவை, பாகப் பெயரை வைத்து ஃபுட்பிரிண்ட்களை மறுபடி இணைக்கும் பெட்டியைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். விட்டால், ஏற்கனவே வைத்த பாகங்களை அந்நியமாக நினைத்து ஓரத்தில் புதுச் செட்டைக் கொட்டும் வாய்ப்பு உண்டு.

டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) விதிகளை வந்தபடியே நம்ப வேண்டாம். தொழிற்சாலை தரும் குறைந்தபட்ச டிராக் அகலம், இடைவெளி, துளை அளவு மூன்றையும் போர்டு அமைப்பில் புதிதாக உள்ளிட்டு ஓட்டுங்கள்.

கை பழக ஓரிரு வாரம் ஆகலாம். ஈகிளில் கட்டளை முதலில், பாகம் பிறகு. இங்கே பாகத்தின் மேல் கர்சரை வைத்து ‘எம்’ என்றால் நகரும், ‘ஆர்’ என்றால் திரும்பும். டிராக் போடும் ‘எக்ஸ்’ விசையில்தான் சுகம்: தள்ளும் (ஷவ்) முறையைத் தேர்ந்தெடுத்தால் வழியில் நிற்கும் டிராக்குகளைத் தள்ளிக்கொண்டே போகும். இரண்டு, நான்கு லேயர் போர்டுகளுக்கு இதையெல்லாம் உறுதியாகச் சொல்லலாம். டிடிஆர் மெமரி போன்ற அதிவேக வேலைக்கு, அதில் ஊறியவர்களைக் கேட்டு முடிவெடுப்பதே மேல்.

உற்பத்தியில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டை இப்போதே தொட வேண்டாம். அடுத்த ரிவிஷனில் மாற்றிக்கொள்ளலாம். ஈகிள் இயங்கும்போதே அதன் கெர்பர், துளைக் கோப்பு, ஸ்கீமேட்டிக் பிடிஎஃப் மூன்றையும் எடுத்து வையுங்கள். பிறகு கிகேட் தரும் கெர்பரை, கிகேட்டோடு வரும் கெர்பர் பார்வைக் கருவியான கெர்ப்வியூவில் பழைய கெர்பரின் மேல் அடுக்கினால், வழிமாறிய துளையும் காணாமல் போன சோல்டர் மாஸ்க் (காப்பரை மூடும் பூச்சு) திறப்பும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.