கரிசலில் கூடுதல் அறை கட்டுகிறவர்களுக்கு: வானத்தின் (அஸ்திவாரக் குழியின்) ஆழத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பாருங்கள்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண்ணில் வீடு வைத்திருப்பவர்கள், பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். காண்ட்ராக்டர் யார் என்பது வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மாடியேற முடியவில்லை என்று கீழே ஓர் அறையும் பாத்ரூமும். சதுர அடி ரேட்டில் பேசி முடித்தோம். வானம் 5 அடி, அடியில் கிராவல் போட்டுத் திமிசு அடித்து இறுக்குவது, மேலே கான்கிரீட். "ஒத்த ரூமுக்கு எதுக்கு அண்ணாச்சி அம்புட்டு ஆழம், இதென்ன மூணு மாடியா?" என்று முதலிலேயே இழுத்தார். விடாமல் நின்றதால் சரி என்றார். தோண்டி முடித்ததும் டேப் பிடித்துக் காட்டினார், 5 அடி இருந்தது. அள்ளிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவித்து, அந்தக் குவியல் உச்சியிலிருந்து டேப்பை இறக்கியிருக்கிறார். சதுர அடி ரேட்டில் ஆழம் குறைந்தால் மிச்சமாகும் காசு முழுக்க அவர்களுக்குத்தான்.

மாசியில் வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு. "பூச்சு வெடிப்பு அண்ணாச்சி, பட்டி பார்த்தா மறைஞ்சிரும்" என்று அடைத்துவிட்டுப் போனார். ஐப்பசி மழை பெய்ததும் அந்தப் பட்டியே பிதுங்கி உதிர்ந்தது, பாத்ரூம் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. வெயிலுக்கு விரிந்து மழைக்கு நெருங்கினால் அது பூச்சு வெடிப்பு இல்லை, அடியில் மண் அசைகிறது. அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

வேறொரு இன்ஜினியரை அழைத்து, சுவரோரம் குழி போட்டுப் பார்த்தோம். இயற்கைத் தரையிலிருந்து இரண்டரை அடியிலேயே கான்கிரீட் முடிந்துவிட்டது. அதன் கீழே கிராவலுக்குப் பதில் உடைத்த செங்கல். அதற்கும் கீழே சுத்தக் கரிசல்.

கனம் குறைந்த கட்டடத்துக்கு ஆழம் குறைவாகப் போதும் என்பது கரிசலில் தலைகீழ். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண் இது. கோடையில் விழும் பாளம் பாளமான வெடிப்புகளே பல அடி இறங்கும். மாடி வீட்டின் கனம் அந்த உப்பலை ஓரளவு அமுக்கும். ஒத்தை அறையை மண் அப்படியே தூக்கி இறக்கும். அஸ்திவாரத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1904-இல் ஆழம் 50 செ.மீ. என்று இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். அது குறைந்தபட்சம்தான். பருவத்துக்குப் பருவம் அசைகிற மண்ணைத் தாண்டி இறங்க வேண்டும் என்பதையும் அதே விதி சொல்கிறது.

ஆகவே ஆழம் இத்தனை அடி என்று யாரும் வாயால் சொல்ல முடியாது, குழி போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாலைந்து அடியில் சுக்கானோ (சுண்ணாம்புக் கற்கள் கலந்த கெட்டி மண்) சரளையோ தட்டினால் அதில் உட்கார வைக்கலாம். கரிசல் போய்க்கொண்டே இருந்தால் அடியில் குமிழ் போல விரிந்த 'அண்டர் ரீம்டு பைல்' கேளுங்கள். ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை, சுமார் 3.5 மீட்டர் இறங்கும். செலவு கூடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள்: 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் தனித்தனியே 24 மணி நேரம் ஊற விட்டு, எவ்வளவு உப்புகிறது என்று ஒப்பிடுவார்கள்.

பழைய சுவரில் பல் விட்டு, அதாவது அதன் செங்கல்லை இடையிடையே பெயர்த்துப் புதுச் சுவரை அதில் கோத்துக் கட்டவும் விடாதீர்கள். பழைய வீடு உட்கார்ந்து முடித்தது, புதியது இனிமேல்தான் உட்காரும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைப்பதுதான் முறை. எங்களுக்கு இப்போது அந்தப் பல்லை வெட்டிப் பிரித்து, அடித்தளத்துக்குக் கீழே துண்டு துண்டாகத் தோண்டி ஆழப்படுத்தச் சொல்லியிருக்கிறார் இன்ஜினியர். எஸ்டிமேட் கேட்டுத் தலை சுற்றிவிட்டது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லை. பணம் அனுப்பிய ஜிபே ரசீதுகளும், "வானம் 5 அடி" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும், சுவரோரக் குழியில் ஸ்கேலை நிறுத்தி எடுத்த போட்டோக்களும் இருக்கின்றன.