லைனை நிறுத்துவது யார்? ஒரே ஆலை, இரண்டு முறை

பொறுப்பைப் பகிர்வது என்றதும் பல தலைவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள், அதிகாரம் மேலேயே தங்கிவிடும். வித்தியாசம் தெரிய, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் ஆலையைப் பார்த்தால் போதும்.

1982 வரை அதை நடத்தியது ஜெனரல் மோட்டார்ஸ். லைன், அதாவது கார் நகர நகர ஆட்கள் பாகங்களை மாட்டுகிற வரிசை, நிற்கவே கூடாது. தப்பான பாகம் மாட்டியிருப்பது கண்ணெதிரே தெரிந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் யாரோ பிரித்துச் சரிசெய்வார்கள். பார்க்க வேகம்தான், ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி.

மூடிக் கிடந்த அதே ஆலையை 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பழைய ஆட்கள்தான். இந்தத் தடவை லைன் ஓரமாக ஒரு கயிறு. சிக்கல் என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார்; கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும் (இழுத்ததுமே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்).

என்னைக் கேட்டால், கயிற்றைவிட அந்த ஓடிவருகிற ஆள்தான் முக்கியம். வந்தவர் முதல் வார்த்தையாகத் திட்டினால் அப்புறம் எவன் இழுப்பான்? இந்த முறையில் தலைவருக்கு அலைச்சல் அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலையிலும் இதைக் கொண்டுவரப் பார்த்தது. எடுபடவில்லை. 1992-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது.