உடல் கிடைக்காத துக்கத்துக்குக் கவுன்சிலிங்: சில ஆண்டு அனுபவம்

2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன என் தம்பியின் உடல் கிடைக்கவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், தூத்தூர் வட்டாரத்தில் இப்படிப் பல வீடுகள் உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் ஊரே பூவும் மெழுகுதிரியுமாகப் போகும். அம்மாவுக்குப் போய் நிற்க ஓர் இடம் கிடையாது. தம்பியின் செல்போன் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்வார். எண் வேறு யாருக்காவது போய்விட்டால் அவன் எதில் கூப்பிடுவான் என்று கேட்பார்.

முதலில் பணம் கட்டிப் பார்த்த தனியார் ஆலோசகர், துக்கத்துக்கு ஐந்து படிகள் என்றும் அம்மா முதல் படியான மறுப்பிலேயே நிற்பதாகவும் சொன்னார். அந்த ஐந்தும் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியவை. கடலைப் பார்த்துக் காத்திருக்கும் தாயை அதை வைத்து அளப்பது அபத்தம். "அவன் இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்" என்றதும் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

பிறகு போனது நாகர்கோவில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. அங்கிருந்த ஆலோசகர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான். ஆனால் என் முன்னால் அழாத அம்மா உள்ளே அழுதிருக்கிறார். தம்பிக்கு எந்த மீன்குழம்பு பிடிக்கும், யாரோடு சண்டை போடுவான் என்றெல்லாம் ஆலோசகர் கேட்டாராம். ரீசார்ஜை நிறுத்தச் சொல்லவே இல்லை. நாளில் கொஞ்ச நேரம் அவனை நினைத்து அழலாம், கொஞ்ச நேரம் கை வேலையில் இருக்க வேண்டும், இரண்டும் தேவை என்றார். அம்மா மீண்டும் அன்பியக் கூட்டத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் கூட்டம்) போகத் தொடங்கியது அதன் பிறகுதான். தூக்கம் திரும்ப வெகுகாலம் பிடித்தது. துக்கம் குறைந்ததாக நான் சொல்லமாட்டேன்.

ஆறு மாதம் கடந்தும் அன்றாட வாழ்வே முடங்கிக் கிடந்தால் உதவி தேடுவது நல்லது. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2022-இல் தொடங்கிய அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் (14416) இரவு பகலாக, இலவசமாக, தமிழில் கிடைக்கிறது. நள்ளிரவில் மனம் தாங்காதபோது அதற்குப் பேசலாம். தொடர்ந்து பார்க்க, தெரிந்த ஒரே முகம் எதிரில் இருப்பதே எங்களுக்கு ஒத்துவந்தது.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி நாகர்கோவில் போய், சீட்டு எடுத்துக் காத்திருந்து திரும்ப ஒரு பகல் போய்விடும். சோறு கட்டிக்கொண்டு போங்கள்.