புளியா, பொடியா, பாலிஷ் கடையா?

ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்து, பரணில் கறுத்துக் கிடக்கும் பித்தளை அண்டாவையும் வெண்கலப் பானையையும் மறுபடி அடுப்பேற்ற நினைத்தால் அவற்றைத் துலக்க மூன்று வழிகள் உண்டு: அடுக்களைப் புளி, மளிகைக் கடைப் பொடி, இயந்திர பாலிஷ். என் ஓட்டு புளிக்கே.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பையும் பச்சைக் களிம்பையும் கரைக்கும், உலோகத்தைச் சுரண்டாது. ரசத்துக்குக் கரைத்த சக்கையே போதும். கல் உப்போடு சேர்த்துத் தேய்த்தால் விரல் போன தடமெல்லாம் மஞ்சள் எட்டிப் பார்க்கும். விளிம்பு மடிப்பில் ஒளிந்திருக்கும் களிம்புக்குப் பழைய டூத்பிரஷ் வேண்டும். ஆனால் இரவு முழுக்க ஊற வைக்கக் கூடாது. பித்தளையிலுள்ள துத்தநாகம் அரித்துப்போய், செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாக நிற்கும். எலுமிச்சையும் இதே வேலையைச் செய்யும். அது விற்கிற விலைக்குச் சாதத்தில் பிழிவதே மேல். அடிப்புறக் கரி மட்டும் புளிக்கு மசியாது. அதற்குச் சாம்பலும் தேங்காய் நாரும்தான்.

பீதாம்பரி போன்ற பொடிகள் நேரத்தை மிச்சப்படுத்தும். குத்துவிளக்குக்கு அவையே சரி. சமைக்கிற பாத்திரமென்றால் மடிப்புகளில் பொடி தங்காமல் பலமுறை அலச வேண்டும். போர்வெல் தண்ணீரில் அலசினால் உடனே துணியால் ஒற்றிவிடுங்கள். இல்லையேல் உப்புத் திட்டு விழும்.

இயந்திர பாலிஷ் கண்ணாடி போலப் பளபளக்க வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் உலோகத்தையே மெல்லிதாகச் சீவுகிறது. பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பாட்டியின் பெயரும் கல்யாண ஆண்டும் மழுங்கிப்போகும். அழுக்கோடு அடையாளத்தையும் எடுத்துவிடுகிற வேலைக்குக் காசு கொடுப்பானேன்? ஒடுக்கு எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் பட்டறைக்குப் போங்கள். பாலிஷ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்படித் துலக்கினாலும் பித்தளையின் உட்புறத்துக்கு ஈயம் (டின் எனப்படும் வெள்ளீயம்) பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. புளிப்பில் செம்பு உணவோடு கலக்கும். பூசிய பிறகு உள்ளே பொடியும் கம்பி நாரும் படக்கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் காய விடவும் கூடாது. காரீயம் நஞ்சு; பூசுபவரிடம் அது கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொண்டு பாத்திரத்தைக் கொடுங்கள்.