குரு இல்லாமல் சீகோங், தியானம்: எதைத் தனியாகப் பழகலாம், எதைத் தொடவே வேண்டாம்

சீகோங் என்ற சீன அசைவு, மூச்சுப் பயிற்சியைப் பழக ஆசை, பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. தியானம் வேண்டும், எந்த அமைப்பிலும் போய்ச் சேர மனமில்லை. இப்படி இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது: புத்தகமா, யூடியூபா, ஆப்பா? அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நான் தப்பாகச் செய்தால் அது எனக்கே தெரியவருமா? தெரியவரும் என்றால் தாராளமாகத் தனியாக ஆரம்பிக்கலாம். தெரியாது என்றால் எவ்வளவு பிரமாதமான வீடியோ கிடைத்தாலும் தள்ளி நிற்பது நல்லது. இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் எல்லாவற்றையும் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

குரு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பவர்களுக்குச் சீனாவிலேயே ஒரு பதில் உண்டு. ஜியாங் வெய்ச்சியாவ் (1873–1958) என்ற கல்வியாளருக்கு இளம் வயதிலேயே காசநோய். ஒரு பழைய மருத்துவ நூலில் உள்மூச்சுப் பயிற்சியைப் படித்துவிட்டு, தனி அறையில் உட்கார்ந்து தானாகவே பழகித் தேறினார். அந்த அனுபவத்தை, பூடகச் சொற்களைக் கூடியமட்டும் ஒதுக்கி, உடலியல் மொழியில் எழுதி 1914இல் வெளியிட்டார். புத்தகம் நன்றாக ஓடியது. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வீட்டில் உட்காரக் கற்றது.

எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய ஜென் துறவி ஹகுயின் (1686–1769) நிற்கிறார். இருபதுகளில் வெறிகொண்டு தியானத்தில் இறங்கியவர், உடம்பு கெட்டுப் படுத்துவிட்டார். தலைக்கேறிய சூடு, வறண்ட நெஞ்சு, பனிக்கட்டியாய்க் குளிர்ந்த கால்கள், காதுக்குள் ஓயாத ஓடைச் சத்தம், எதைக் கண்டாலும் பயம் என்று பிற்காலத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். மலைக்குகையில் வாழ்ந்த ஹகுயூ என்பவரைத் தேடிப்போய் மாற்று கேட்டதாகச் சொல்கிறார். அவர் கொடுத்த மருந்து விசித்திரமானது: உச்சந்தலையில் வாத்து முட்டை அளவுக்கு மணமான வெண்ணெய் உருண்டை இருப்பதாக நினைத்துக்கொள், அது உருகித் தோள், மார்பு, வயிறு, தொடை என்று நனைத்துக்கொண்டு உள்ளங்கால்வரை இறங்கட்டும். அந்தச் சந்திப்பு எவ்வளவு நிஜம் என்பதில் வாதம் உண்டு. ஆனால் அறிகுறிகளில் கற்பனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனியாகப் பழகிக் கெட்டுப்போனவர்கள் இன்றைக்கும் ஏறக்குறைய அதே பட்டியலைத்தான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் ஹகுயின் ஆசிரியரே இல்லாத ஆள் இல்லை.

ஆக, ஒருவர் தானாகப் படித்துத் தேறினார், இன்னொருவர் குருமார்கள் இருந்தும் மாட்டிக்கொண்டார். விஷயம் எந்தப் பயிற்சி, எவ்வளவு வேகம் என்பதில் இருக்கிறது.

உடம்பு அசையும் சீகோங்

தனியாகத் தொடங்க என் முதல் வாக்கு பாதுவான்ஜினுக்கு. எட்டுத் துண்டுப் பட்டு என்று பெயர். சோங் வம்சக் காலத்திலிருந்தே பேசப்படும் எட்டு அசைவுகள். 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை நான்கு சீகோங் தொகுப்புகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. அதனால் ஒரு பெரிய லாபம்: யூடியூபில் யார் செய்தாலும் பெரும்பாலும் அதே வரிசை, அதே எண்ணிக்கை. ஒவ்வொரு அசைவும் ஆறு தடவை, கடைசியில் குதிகால் உயர்த்தி இறக்குவது மட்டும் ஏழு. முழுதும் முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். இருவர் செய்வதை ஒப்பிட்டுப் பார்த்தே எது தனிப்பட்ட பாணி, எது அசல் என்று கண்டுபிடித்துவிடலாம்.

தப்பு எங்கே வரும் என்பதும் இதில் வெளிப்படை. கைகளை மேலே தூக்கும் முதல் அசைவில் தோள் காதைத் தொடப் போகும். வில் இழுக்கும் இரண்டாவதில் மார்பு திறப்பதற்குப் பதிலாக முதுகு பின்னால் வளையும். திரும்பிப் பார்க்கும் நான்காவதில் கழுத்து திரும்ப வேண்டும், நாம் இடுப்பையும் சேர்த்துத் திருப்புவோம். ஐந்தாவதுதான் வில்லங்கம் பிடித்தது: அகலமாகக் கால் வைத்து உட்கார்ந்த நிலையில் தலையையும் இடுப்பையும் சுழற்ற வேண்டும். வீடியோவில் ஆடுபவர் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து நிற்பார். முப்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்த முட்டியோடு நாமும் அப்படித் தாழ்ந்தால் முட்டி உள்பக்கமாகச் சரியும். முட்டி, பாதம் காட்டும் திசையிலேயே இருக்கிறதா, குனிந்து பார்த்தால் கட்டைவிரல் தெரிகிறதா? இல்லையென்றால் இன்னும் உயரமாக நில்லுங்கள். அவ்வளவுதான் திருத்தம். பாதத்தைப் பிடிக்கக் குனியும் ஆறாவது அசைவை, ரத்தக் கொதிப்போ கண் அழுத்த நோயோ எலும்புத் தேய்மானமோ உள்ளவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரும் மார்க் போடப்போவதில்லை.

கண்ணாடி முன் நின்று செய்வதைவிட, செல்போனைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து பார்ப்பது பல மடங்கு உபயோகம். கண்ணாடி முன்பக்கத்தை மட்டும் காட்டும். கீழ்முதுகு வளைவதும் தாடை முன்னால் நீள்வதும் பக்கத்திலிருந்துதான் தெரியும். மூச்சைப் பற்றி ஆரம்பத்தில் கவலையே வேண்டாம். அசைவு கைவந்த பிறகு மூச்சு தானாக அதனோடு சேர்ந்துகொள்ளும். முதல் நாளே அசைவுக்கு மூச்சை இழுத்துக் கட்டினால் தலை கிறுகிறுக்கும்.

அதே 2003 தொகுப்பில் உள்ள மற்ற மூன்றைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்து விலங்கு ஆட்டம் பார்க்க அழகு, ஆனால் மணிக்கட்டும் இடுப்பும் நெளிகிற நுணுக்கம் படம் பார்த்துப் பிடிபடாது. ஆறு ஒலிப் பயிற்சியில் சீன உச்சரிப்பு நம் வாயில் சரியாக வருகிறதா என்று சொல்ல யாரும் இல்லை. நான்காவது யிஜின்ஜிங், தசைநார்களுக்கான பயிற்சி. இதைக் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது என்று நம்மூரில் பெருமையோடு பகிர்வார்கள். அந்தப் பெயரிலுள்ள நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போதிதர்மரோடு அதை முடிச்சுப்போடும் முன்னுரைகள் போலி என்று சீன அறிஞர்களே காட்டிவிட்டார்கள். பயிற்சி நல்ல பயிற்சிதான். பாதுவான்ஜின் பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நின்றபடி ஒன்று, உள்ளுக்குள் ஒன்று

ஜான் ஜுவாங் என்பது மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளை வளைத்து, முட்டியை லேசாகத் தளர்த்தி, அப்படியே நிற்பது. வாங் ஷியாங்ஜாய் (1885–1963) என்ற சண்டைக்கலை ஆசான் தன் முறைக்கே இதை அடித்தளமாக்கினார். பார்க்க இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை, அதனால்தான் பலர் இதில் ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில் இது பாதுவான்ஜினுக்கு ஒரு படி கீழே. காரணம், அசைவு இல்லாததால் தப்பும் அசையாமல் நிற்கிறது. முட்டி பூட்டிக்கொண்டதோ தோள் இறுகியதோ இருபது நிமிடம் கழித்துத்தான் வலியாக வந்து சொல்லும். தொடை நடுங்கினால் பரவாயில்லை, முட்டிக்குள் வலித்தால் நிறுத்த வேண்டும், கண் இருட்டினால் உடனே உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுபவர்களுக்கு இது ஒத்துவரும். இணையத்தில் ‘நாளைக்கு ஒரு மணி நேரம்’ என்று சவால் விடுபவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்தது சிறு வட்டச் சுழற்சி. வயிற்றில் சக்தியைச் சேர்த்து, முதுகுத்தண்டு வழியாகத் தலைக்கு ஏற்றி, முன்பக்கமாக இறக்குவது. ஜியாங் வெய்ச்சியாவ் பழகியது இந்த வகையைத்தான், அதனால் தனியாக முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் அளவுகோலில் இது தேறாது. தண்டு சூடாகிறது, நெற்றியில் அழுத்தம், தானாக உடம்பு ஆடுகிறது. இது முன்னேற்றமா, கோளாறா? புத்தகம் இரண்டுக்கும் ஒரே வர்ணனையைத் தரும். 1980களில் சீனாவில் சீகோங் மோகம் தலைவிரித்தாடியபோது இப்படித் தடம் மாறியவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். 1994இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்-4, சீகோங்கால் வரும் மனப்பிறழ்வைத் தனிப் பெயரிட்டே தன் பின்னிணைப்பில் சேர்த்தது.

இந்த மாதிரி சக்தியை ஏற்றும் பயிற்சிதான் வேண்டும் என்று நிற்பவர்கள், பிடிஎஃப் தேடுவதைவிடப் பக்கத்துத் தெருவிலுள்ள மனவளக்கலை மன்றத்துக்குப் போவது மேல். வேதாத்திரி மகரிஷியின் முறை சீகோங் இல்லை, மரபும் வேறு. ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று: ஆக்கினைத் தவத்துக்கு அடுத்தே சாந்தித் தவத்தை வைத்திருக்கிறார்கள். புருவமத்திக்கு ஏற்றியது அழுத்தினால் மூலாதாரத்துக்கு இறக்கிக்கொள்ள வழி. ஹகுயின் நோயில் விழுந்து தேடிப்போய்ப் பெற்ற வெண்ணெய் மருந்து, இங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தை விவரித்து இறக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாத எந்தச் சீகோங் புத்தகத்தையும் கீழே வைத்துவிடுங்கள்.

உட்கார்ந்து செய்யும் தியானம்

இங்கே தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு: ஜென் மடங்களில் புதியவர்களுக்குக் கொடுக்கும் மூச்செண்ணல். வெளிமூச்சுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வந்ததும் மறுபடி ஒன்று. பதினேழில் விழித்துக்கொண்டால் மனசு எங்கோ போயிருந்தது என்று அர்த்தம். நான்கா ஐந்தா என்று தடுமாறினாலும் அப்படித்தான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. சலிப்பூட்டும் முறை என்பது உண்மை, ஆனால் தனி ஆளுக்கு இதைவிட நாணயமான காவலாளி கிடைக்காது.

உடலைக் கால்விரலிலிருந்து தலைவரை கவனித்துக்கொண்டே வரும் முறை அடுத்தது. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் முக்கியப் பகுதி இது. அந்தப் பாடத்தையே பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்ற தளம் இலவசமாக, நம் வசதிக்கு ஏற்ற வேகத்தில் படிக்கும்படி வைத்திருக்கிறது. தூக்கம் வருவது ஒன்றுதான் இதிலுள்ள பெரிய தொல்லை. சாப்பிட்டு உடனே படுத்துச் செய்யாதீர்கள். பர்மியத் துறவி மஹாசி சயாதோ வழியில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனசுக்குள் பெயரிட்டுக் கவனிப்பது நல்ல முறை, ஆனால் மணிக்கணக்கில் தனியாக நீட்டும்போது என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் தேவைப்படும் கட்டம் சீக்கிரமே வரும்.

ஆப்புகளைப் பொறுத்தவரை, ஹெட்ஸ்பேஸும் காமும் (Calm) பழக்கத்தை உண்டாக்கக் கெட்டிக்காரர்கள். குரல் விடாமல் வழிநடத்துவதால் தப்பு செய்யவே இடம் குறைவு. அதே காரணத்தால் குரலை அணைத்துவிட்டு உட்காரும் தெம்பும் வளராது. மாதச் சந்தா கட்டுவதற்கு முன் இன்சைட் டைமர் என்ற ஆப்பில் வெறும் மணியோசையை மட்டும் வைத்து உட்கார்ந்து பாருங்கள். இருபது நாள் தொடர்ந்தீர்கள் என்று பாராட்டும் பட்டையை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. நீங்கள் தூங்கினாலும் அது ஏறும்.

கோயங்கா வழியிலான பத்து நாள் விபாசனா முகாமை ‘குரு இல்லாத வழி’ என்று சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கலாம், ஏனென்றால் பாடம் நடத்துவது 2013இல் மறைந்த கோயங்காவின் ஒலிப்பதிவு. சென்னைக்குப் பக்கத்தில் தம்ம சேது மையம் உட்பட எங்கே போனாலும் அதே குரல், அதே வரிசை; தமிழ் மொழிபெயர்ப்பும் கூடவே ஓடும். கட்டணம் கிடையாது. காலை நான்கு மணிக்கு மணி, பத்தாம் நாள் காலைவரை மௌனம், முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும். சந்தேகம் கேட்க உதவி ஆசிரியர் இருப்பார், ஆனால் அவர் பதிவைத் தாண்டி அதிகம் பேச மாட்டார். வேறு எந்தப் பயிற்சியையும் அந்தப் பத்து நாளில் கலக்கக் கூடாது, பாதுவான்ஜினுக்கும் லீவு விட்டுவிட வேண்டும். சீகோங் ரசிகர்களுக்கு இது கசக்கும். என்னைக் கேட்டால், வீட்டில் சில மாதம் மூச்செண்ணிப் பழகிய ஆள் இங்கே போனால் லாபம் அதிகம். நேற்று ஆப் இறக்கியவர் இன்று போனால் பாதி நாள் முட்டிவலியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் சொல்லும் கூட்டு இது: காலையில் பாதுவான்ஜின், அப்புறம் பதினைந்து நிமிடம் மூச்செண்ணல், மாதம் ஒருமுறை செல்போன் பதிவு. உடம்பை ஆட்டிவிட்டு உட்கார்வதால் கவனம் தலையிலேயே தேங்குவது குறையும். இரண்டுக்கும் செலவில்லை. ஜூமில் நேரலை வகுப்பு எடுப்பவர்களுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், மாணவர்கள் கேமராவைப் போட்டிருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருத்துகிறாரா என்று ஒரு இலவச வகுப்பில் பாருங்கள். இருநூறு பேர் சேர்ந்து பார்க்கும் நேரலை, யூடியூபின் விலை உயர்ந்த பதிப்புதான்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், நெருங்கியவரை அண்மையில் இழந்தவர்களும், தூக்கம் கெட்டிருப்பவர்களும் மேலே சொன்ன கூட்டில் உட்காரும் பகுதியை விட்டுவிட்டு அசையும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தியானத்தால் வரும் சங்கடங்களைப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் லிண்டாலும் பிரிட்டனும் 2017இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. பயம், தூக்கமின்மை, தன் உடம்பே தன்னுடையது இல்லை என்ற உணர்வு எல்லாம் அதில் உண்டு. அப்படி ஏதாவது தலைகாட்டினால் உட்காருவதை நிறுத்துங்கள், வெறுங்காலோடு நடங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். சில நாளில் அடங்கவில்லை என்றால் போக வேண்டிய இடம் மனநல மருத்துவரிடம். இன்னொரு தியான வீடியோவிடம் இல்லை.