மொன்றியல் குளிர்காலத்தில் பின்சில்லு இயக்கக் கார்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பின்சில்லுகளால் இயங்கும் காரை வைத்துக்கொண்டு மொன்றியலில் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்று சொல்பவர்கள் இங்கே ஏராளம். நான் ஓட்டுவது பி.எம்.டபிள்யூ 323ஐ. இ90 தலைமுறையைச் சேர்ந்தது, ஆறு கியர்களையும் கையால் மாற்ற வேண்டியது, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய நிலையில் வாங்கியது. பல குளிர்காலங்களை அதிலேயே கழித்த பின்னர், அந்தப் பொதுக்கருத்தில் பாதி சரி, பாதி பிழை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பிழையான பாதியை முதலில் சொல்லிவிடலாம். பிரேக்கை மிதிக்கும்போது எந்தக் காரிலும் நான்கு சில்லுகளும் சேர்ந்தே வண்டியை நிறுத்துகின்றன. இயந்திரத்தின் வலு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நான்கு சில்லு இயக்கம் உள்ள பெரிய வண்டிகளை வாங்கியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த வண்டிகள் எளிதாகப் புறப்படுவதால், எளிதாக நிற்கவும் செய்யும் என்ற நம்பிக்கை ஓட்டுநருக்கு வந்துவிடுகிறது. 2016 டிசெம்பர் 5 அன்று நகர மையத்தின் பீவர் ஹோல் சரிவில் பேருந்துகளும் காவல்துறைக் காரும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி மோதிய காணொளியை இங்குள்ள பலர் பார்த்திருப்பார்கள். கடைசியில் பனி அகற்றும் கனரக வாகனமும் அதே சரிவில் வழுக்கி வந்து இடித்தது. அந்த நிலையில் எடையும் உதவாது, இயக்க முறையும் உதவாது.

உதவக்கூடியது ரயர் மட்டுமே. மொன்றியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தில் இதற்குச் சட்டமே உண்டு. 2008 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதியின்படி, இப்போது டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் பொறித்த குறியுள்ள ரயர்களோ ஆணி பதித்த ரயர்களோ காரில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் சட்டத்தின் தேதியை நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனதுமே கோடைகால ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும் என்பதால், நவம்பர் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுகிறேன். இந்தக் காருக்கு 205 மில்லிமீற்றர் அகலமும் 16 அங்குல உள்விட்டமும் கொண்ட ரயர்கள் பொருந்துகின்றன. தோற்றத்துக்காக அகலமான ரயர்களைப் போட விரும்புபவர்கள் அதைக் கோடைக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் குறுகிய ரயரே பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். பின்சில்லுகள்தானே இயக்குகின்றன என்று பின்னால் மட்டும் இரண்டு வின்ரர் ரயர்களைப் போடும் யோசனையையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் கார் புறப்படும், ஆனால் திரும்பவும் மாட்டாது, நிற்கவும் மாட்டாது. நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். சட்டம் 1.6 மில்லிமீற்றர் ஆழம்வரை அனுமதித்தாலும், ரயரின் பள்ளங்கள் 4.8 மில்லிமீற்றருக்குக் குறைந்த பின் அதைக் குளிர்கால ரயர் என்று நான் எண்ணுவதில்லை.

இனிச் சரியான பாதி. பின்சில்லு இயக்கத்துக்கே உரிய தொல்லைகள் மூன்று இடங்களில் வருகின்றன: புறப்படும்போது, வளைவிலிருந்து வெளியேறும்போது, கியரைக் குறைக்கும்போது.

புறப்படுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காரில் இயந்திரம் முன்னச்சுக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது, மின்கலமும் பின்பெட்டிக்குள் இருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டிருப்பதால், பின்பக்கம் வெறுமையாக இருக்கும் பழைய பிக்கப் லொறிகளைப் போல இது தவிப்பதில்லை. இரண்டாம் கியரில், கிளச்சை மெதுவாக விட்டு, அக்சிலரேற்றரை ஏறக்குறையத் தொடாமலே புறப்பட்டால் போதுமானது.

வளைவில் கவனம் வேண்டும். முன்சில்லு இயக்கக் காரில் வேகம் கூடினால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்சில்லு இயக்கக் காரிலோ வளைவு முடியுமுன் அக்சிலரேற்றரை அழுத்தினால் பின்பக்கம் வாலடித்து வெளியே வரும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான பாதையிலேயே குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஒரே சீரான காலோடு போய், ஸ்ரியரிங் நேரான பின்னரே வலுவைக் கூட்ட வேண்டும்.

ஆனால் மூன்றாவதைத்தான் யாரும் எச்சரிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்பது குளிர்கால ஓட்டுதல் பற்றிய எல்லா அறிவுரைகளிலும் வருவது. முன்சில்லு இயக்கக் காருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பின்சில்லு இயக்கக் காரில் இயந்திரத்தின் இழுவை முழுவதும் பின்சில்லுகளில் மட்டுமே விழுகிறது. பனிக்கட்டியின் மேல் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றிக் கிளச்சைச் சட்டென்று விட்டால், ஹான்ட் பிரேக்கை இழுத்ததற்கு நிகரான விளைவு உண்டாகும். சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு உள்ள காரில் அத்தகைய இறக்கங்களில் கிளச்சை முழுவதும் மிதித்து, பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது, ஏனெனில் அப்போதுதான் நான்கு சில்லுகளும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. கியரைக் குறைத்தேயாக வேண்டுமென்றால், இறக்கம் தொடங்குமுன், சமதரையிலேயே குறைத்துவிட வேண்டும்.

பின்பக்கம் சறுக்கத் தொடங்கிவிட்டால் அக்சிலரேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கிளச்சை மிதித்து, போக வேண்டிய திசையைப் பார்த்தபடி, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே ஸ்ரியரிங்கைத் திருப்ப வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். கடினமானது அதற்கு அடுத்த நொடி: கார் நேராகத் தொடங்கும் கணத்திலேயே ஸ்ரியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கமாக வரும் இரண்டாவது வாலடிப்பு முதலாவதைவிடப் பலமாக இருக்கும். வாசித்து மட்டும் இது கைக்கு வராது. முதல் பனி விழுந்ததும் மின்கம்பங்களோ நடைபாதைக் கற்களோ இல்லாத, அனுமதியுள்ள வெற்றுத் தரிப்பிடம் ஒன்றில் மெல்லிய வேகத்தில் பழகிப் பார்ப்பதை ஒவ்வோர் ஆண்டும் செய்துவருகிறேன்.

கனடாவில் 2011 செப்ரெம்பருக்குப் பின் தயாரான எல்லாப் பயணிகள் கார்களிலும் சறுக்கல் தடுப்பு மின்னணு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காரில் அதை டி.எஸ்.சி. என்கிறார்கள். ஓடும்போது அதை அணைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆழமான பனியில் நின்றுபோனால் மட்டும், சில்லு சுழன்றவுடன் அது வலுவைத் துண்டித்துவிடுவதால், கார் அசையவே மாட்டாது. அப்போது பொத்தானை ஒருமுறை சற்றே அழுத்தினால் அளவான சுழற்சியை அனுமதிக்கும் டி.ரி.சி. நிலைக்குப் போகும். வெளியே வந்ததும் மீண்டும் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்படிச் சிக்கிய வேளையில் இயந்திரத்தை நீண்ட நேரம் ஓடவிடுமுன் பின்னாலுள்ள புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம், புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

பின்பெட்டியில் மணல்மூட்டை வைப்பது பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. எடை சமமாக உள்ள காருக்கு அது அதிகம் தேவைப்படுவதில்லை. வைத்தால் இரண்டு மூட்டைகளை, பின்னச்சுக்கு இயன்றவரை நெருக்கமாக, நகராதபடி கட்டி வைக்க வேண்டும். அச்சைத் தாண்டி வெகுவாகப் பின்னால் வைத்தால் முன்சில்லுகளின் பாரம் குறைந்து திருப்பும் பிடி போய்விடும். ஈரமணல் உறைந்து கல்லாகிவிடுமென்பதால் உலர்ந்த மணலாக இருப்பது நல்லது. சிக்கிய சில்லுக்கு அடியில் தூவுவதற்கும் அதுவே பயன்படும்.

வெப்பமானியைப் பார்த்து ஓட்டும் பழக்கம் இந்தக் காரால் வந்தது என்று சொல்லலாம். வெளிவெப்பநிலை 3 பாகைக்கு இறங்கியதும் அது ஒலியெழுப்பி எச்சரிக்கிறது. மறை 20இல் இறுகிய பனி ஓரளவு பிடி தரும். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான், பனிக்கட்டியின் மேல் நீர்ப்படலம் நிற்பதால், மிக மோசமான வழுக்கல் இருக்கும். மேம்பாலங்களின் தளம் மேலும் கீழும் குளிர்வதால் சாலைக்கு முன்னரே உறைந்துவிடும். உறைபனி மழை பெய்யும் நாளில் நான் காரை எடுப்பதில்லை, மெற்றோவில் போகிறேன்.

செலவென்று பார்த்தால், தனியான இரும்புச் சில்லுகளோடு ரயர்களை வாங்கியதுதான் பெரியது, ஆனால் கோடை ரயர்கள் அரைவருடம் ஓய்வெடுப்பதால் அதில் ஒரு பகுதி மீண்டுவிடுகிறது. உப்புக் கரைசல் அடிப்பகுதியை அரிப்பது எந்த இயக்க முறைக்கும் பொதுவானது. பூச்சியத்துக்கு மேலான நாட்களில் அடிப்பகுதியைக் கழுவிக்கொள்கிறேன்.

பனி அகற்றும் வண்டிகள் வந்துபோகும் நகரத் தெருக்களிலும் நெடுஞ்சாலைகளிலும் மட்டும் ஓட்டுபவருக்கு, நல்ல நான்கு ரயர்களோடு, இந்தக் காரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். லோரென்ரியன் மலைப்பக்கம் செங்குத்தான தனிப்பாதையின் முடிவில் வீடு வைத்திருப்பவருக்கும், அதிகாலையில் பனி அகற்றுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டியவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இந்தக் காருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைவு, பனி அந்த உயரத்தைத் தாண்டிவிட்டால் எந்தச் சில்லு இயக்கினாலும் வண்டி வயிற்றில் தங்கிவிடும். அவர்கள் நான்கு சில்லு இயக்கமும் உயர்ந்த அடித்தளமும் உள்ள வண்டியையே வாங்கட்டும், அதற்கும் வின்ரர் ரயர்களையே போடட்டும்.