பாழூரின் தடம்: மண்மேட்டில் நடப்பதா, வான்படத்தைப் பார்ப்பதா?

இங்கிலாந்தில் இடைக்காலத்திலும் அதன் பின்னும் ஆளற்றுப்போன ஊர்கள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் தெருவையும் மனைகளையும் கண்டறிந்து வரைபடம் போட இருந்த எனக்கு, நிலத்தில் நடந்து அளப்பதா அல்லது விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படங்களிலிருந்து தொடங்குவதா என்ற கேள்வி எழுந்தது. நான் வான்படத்தைத் தேர்ந்தேன்; இனி வருவதை அந்தச் சார்போடே படிக்க வேண்டும்.

நடப்பதன் சிறப்பை யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி என்ற பாழூரில் பார்த்தேன். அங்கே மண்மேடுகள் புல்லுக்கடியில் இன்றும் கலையாமல் இருக்கின்றன. முன்புறம் மனை, பின்புறம் கொல்லை என்று நம் ஊர்களில் சொல்வதைப் போன்ற அமைப்பைக் காலாலேயே உணரலாம். எந்த வரப்பு எதன்மேல் ஏறியிருக்கிறது, எது முந்தியது என்பதை அருகில் நின்றால்தான் நம்பிச் சொல்ல முடியும். ஆனால் மேற்பரப்பு பெரும்பாலும் ஊரின் கடைசி முகத்தையே காட்டுகிறது. வரலாற்றாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1950இல் தொடங்கி, பின்னர் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் சேர்ந்து 1990 வரை கோடைதோறும் நடத்திய அகழாய்வில், குடியானவர் வீட்டுக்கு அடியிலேயே 12ஆம் நூற்றாண்டு மாளிகையின் நிலவறை கிடைத்தது. புல்மேல் நடந்தவர் எவரும் அதை ஊகித்திருக்க முடியாது.

வான்படத்தின் வெளிப்படையான வசதிகள், அதாவது ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்குவதும் சாய்வெயிலில் தாழ்ந்த மேடும் நிழல் விழுத்துவதும், எல்லாரும் அறிந்தவை. லிங்கன்ஷயரின் கெய்ன்ஸ்தார்ப் என்ற பாழூரைத் தொல்லியலாளர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட் 1925இல் வானிலிருந்து அடையாளம் கண்டது அப்படித்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஏர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பிறகும், தானியத்துக்காகப் பழைய மேய்ச்சல் நிலங்கள் ஏராளமாக உழப்பட்டன. நான் தேடிய ஊரும் அவற்றுள் ஒன்று. அங்கே போய் நின்றபோது வரப்பு வரை கோதுமைதான். நடந்து அளக்க எதுவுமே மிஞ்சவில்லை. ஆனால் பிரிட்டிஷ் விமானப்படை 1940களின் பிற்பகுதியில் நாடெங்கும் நேர்செங்குத்தாக எடுத்த படங்களில் அதே வயல் இன்னும் புல்லாகவே இருக்கிறது. ஏறத்தாழ 1:10,000 அளவில், 15 மீட்டர் வீட்டு மேடு படத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான். உருப்பெருக்கி இல்லாமல் அது வெறும் புள்ளி. பறக்கும் பாதையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு படங்களை இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாகக் காட்டும் இரட்டைக்காட்சிக் கருவியில் வைத்தபோது, தட்டையாகக் கிடந்த தாள் சட்டென்று எழும்பியது. வண்டிகள் தேய்த்துக் குழிந்த தெரு, இருபுறமும் மனை மேடுகள், அவற்றுக்கு அப்பால் தலைகீழ் ‘எஸ்’ வடிவில் வளைந்தோடும் பழைய உழவு வரிகள் எல்லாம் தெரிந்தன. ஒரே ஒரு முறை ஆழ உழுதாலும் மண்மேடு சிதையும்; அதற்குமுன் எடுத்த படம் சிதையாது.

நிலத்தில் நடப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. நிழல் மேட்டுடையதா, அண்மையில் வெட்டிய வடிகாலுடையதா என்பதில் படத்தை நம்பி இருமுறை ஏமாந்தேன். வானிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் இதற்கு உதவும். கணினித் திரையில் வெயிலின் திசையை நாமே மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அது இன்றைய நிலத்தையே அளக்கிறது. ஏர் அழித்ததை மீட்டுத் தராது. அதை ஓரிரு முறைதான் கையாண்டிருக்கிறேன், ஆகவே அதன் நுணுக்கங்களில் என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வறண்ட கோடையில் பயிரின் நிறமாற்றம் காட்டும் தடங்களைப் பற்றியும் அப்படியே: சுண்ணாம்பு நிலத்தில் அவை தெளிவாக விழும், என் வயலோ களிமண்.

தெருவின் கிழக்கு முனையில் மட்டும், இரண்டு படங்களில் ஒன்றை மேகம் மறைத்துவிட்டது. வரைபடத்தில் அந்த இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன்.